ராணியும் வேப்பெண்ணெயும்

போன பதிவில் கருவூல அலுவலகத்தின் பழைய பிரெஞ்சு ரிஜிஸ்தர்களைப் பற்றி எழுதினேன். மீதியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இடையில் வேறொரு விஷயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர், வங்கியில் வேலை, கையில் போனோடு வந்தார். மூன்று மாத லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். "சார், நீங்க ரொம்ப வருஷமா நாய் வளர்க்கிறவர். இது சரியா பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பு ஒன்றைக் காட்டினார். உண்ணிக்கு இயற்கை வைத்தியம். வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து உடம்பு முழுக்கப் பூச வேண்டும். சோற்றில் தினம் நாலு பல் பூண்டு நசுக்கிப் போட வேண்டும். ரத்தத்தில் பூண்டு வாசனை ஏறிவிட்டால் உண்ணியும் கொசுவும் கிட்டே வராது, இதயப்புழுவும் வராது. ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் விஷம். இதுதான் சாரம். கீழே ஐந்தாறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

"பூண்டு போடாதீங்க தம்பி. முதல்ல டாக்டரிடம் காட்டுங்க" என்றேன்.

"பூண்டு நல்லதுதானே சார்?" என்றார்.

அவருக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதையும் அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பதாகச் சொன்னார்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் புதுச்சேரியில் நாய்க்கு வைத்தியம் என்று யாரும் தனியாகச் செய்ததில்லை. நாய் தெருவில் திரியும், வீட்டுக்கு வந்து சாப்பிடும், திண்ணைக்குக் கீழே படுக்கும். உண்ணி இருந்தால் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்குவோம், அல்லது அடுப்பில் போடுவோம். பட்டென்று வெடிக்கும். அது எங்களுக்கு விளையாட்டு.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆரம்ப வகுப்புகளில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம் என்று அர்த்தம். ஒரு இலை, ஒரு கல், ஒரு பூச்சி என்று எதையாவது மேசைமேல் வைத்து வாத்தியார் பேசுவார். ஒருநாள் ஆமணக்கு விதைகளைக் கொண்டுவந்தார். விளக்கெண்ணெய் எங்கள் எல்லோருக்கும் வயிறு கலங்குகிற அளவுக்குப் பழக்கம். பிரெஞ்சில் அதற்கு 'உயில் த ரிசேன்'. ரிசேன் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார். லத்தீனில் ரிசினுஸ் என்றால் உண்ணி. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி மாதிரியே அந்த விதை இருப்பதால் செடிக்கே அந்தப் பெயர். நாங்கள் விதையைக் கையில் வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே சரி. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னால் விளக்கெண்ணெயைக் குடிக்கவே முடியவில்லை. அம்மா மூக்கைப் பிடித்துத்தான் ஊற்றினாள்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். அந்தத் தாத்தா இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜேரியாவிலும் இருந்தவர். நாங்கள் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் மெதோர் என்று ஒரு நாய் இருந்தது. தினம் மாலை ஆறு மணிக்கு மெதோரை மடியில் கிடத்தி, காது, கழுத்து, கால் விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கிடைத்த உண்ணியைச் சவரக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் போடுவார். நாங்கள் நசுக்கப் போனால் திட்டுவார். "அல்ஜேரியாவிலே எங்க காவல் நாயெல்லாம் மூக்கிலே ரத்தம் வந்து செத்துதுடா. எல்லாம் இதாலே" என்பார். சொல்தாக்கள் சொல்கிற கதைகளில் பாதி அளப்பு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதையும் அந்தப் பாதியில் சேர்த்துவிட்டோம்.

அது அளப்பு இல்லை என்று எனக்குத் தெரிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ராணி எங்கள் வீட்டுக்கு வந்தது 2007-ல். நாட்டு நாய், செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்ற குட்டியை என் மனைவி உள்ளே எடுத்து வந்தாள். எனக்கு அப்போது பெரிய ஈடுபாடு இல்லை. இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போன பிறகு மனைவிக்கு ஒரு துணை என்று விட்டுவிட்டேன். 2010-ல் நான் ஓய்வு பெற்றேன். பகல் முழுக்க வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் ராணி என்னுடைய நாயாகவும் ஆனது. காலையில் கடற்கரைச் சாலைக்கு என்னோடு நடக்க வரும். காந்தி சிலை வந்ததும் தானே திரும்பி நிற்கும்.

ஓய்வு பெற்றவனுக்கு எதையாவது ஆராய வேண்டும். நான் இயற்கை வைத்தியத்தில் இறங்கினேன். அப்போது எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியிருந்தார்கள், அந்தக் கோபமும் இருந்தது. எனக்கே மாத்திரை வேண்டாம் என்று பார்க்கிறேன், நாய்க்கு எதற்கு? ராணிக்கு உண்ணி வந்தபோது மனைவி டாக்டரிடம் காட்டலாம் என்றாள். நான் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினேன். வாரம் இரண்டு தரம், பிறகு வெயில் தாழ ஒரு குளியல். பத்து நாளில் உண்ணி நன்றாகக் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கில் நடக்க வருகிற எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு மூன்று பேர் தாங்களும் செய்வதாகச் சொன்னார்கள். அவர்கள் நாய்கள் என்ன ஆயின என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

வேப்பெண்ணெய் பொய் இல்லை. அதன் கசப்பும் நாற்றமும் உண்ணியைக் கொஞ்சம் விரட்டும். குஞ்சுகளின் தோலுரிப்பையும் கெடுக்கும். நாய் மேல் பத்து இருந்தது மூன்றாகும். நான் அந்த மூன்றை எண்ணவில்லை, போன ஏழை எண்ணினேன். தப்பு அங்கேதான்.

2011 ஜூலை. ராணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை தரையில் இரண்டு சொட்டு ரத்தம் இருந்தது. மனைவி அதன் மூக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இன்னிக்கே டாக்டர்கிட்டே கொண்டுபோயிடலாமா?" என்றாள்.

"எதையாவது முகர்ந்து குத்திக்கிட்டிருக்கும். திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றேன்.

எழுத்தர் வேலையில் முப்பத்தெட்டு வருடம் 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அதே பதில் வந்துவிடும்.

ஞாயிறு இரவு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். டாக்டர் இளைஞர். உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றுப் பக்கம் மயிரை விலக்கிக் காட்டினார். குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். நான் வாரம் இரண்டு தரம் எண்ணெய் பூசிய வயிறுதான். ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள் லட்சக்கணக்கில் இருக்க வேண்டியது, பதினெட்டாயிரம்தான் இருக்கிறது என்றார்.

"உண்ணிக் காய்ச்சல் சார். எர்லிக்கியா. இது இன்னிக்கு நேத்து வந்ததில்லே. மாசக்கணக்கா உள்ளே இருந்திருக்கும்."

"உண்ணியெல்லாம் போயிடுச்சே டாக்டர். நான் வேப்பெண்ணெய் போட்டேன்" என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நூறு உண்ணி வேணாம் சார். நோய் இருக்கிற ஒண்ணு சில மணி நேரம் கடிச்சாப் போதும்" என்றார். சலைன் ஏற்றினார்கள், டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார்கள். புதன்கிழமை விடியற்காலை ராணி என் மனைவி மடியில் போய்விட்டது. நாலு வயது.

பிறகு ஒருநாள் பாக்கிப் பணம் கொடுக்கப் போனபோது டாக்டரைக் கேட்டேன், வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று. "உறுதியாச் சொல்ல முடியாது சார்" என்றார். அவர் என் வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொன்னார் என்று நினைக்கிறேன். மனைவி அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். சொல்தா தாத்தா சொன்ன நோய் இதுதான். 1935-ல் அல்ஜேரியாவில், பாஸ்தர் நிலையத்தில், தொனாசியேன், லெஸ்தொகார் என்ற இருவர் முதன்முதலாக நாயின் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டு எழுதினார்கள். நம் வீடுகளில் இருக்கும் பழுப்பு நாய் உண்ணிக்கு 1806-ல் பெயர் வைத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், லத்ரேய். இவர் பாதிரியார். புரட்சிக் காலத்தில் சிறையில் கிடந்தபோது ஒரு வண்டைக் கண்டுபிடித்தார், அந்த வண்டை முன்னிட்டே உயிர் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. அதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன். பள்ளியில் எத்தனையோ பிரெஞ்சு அரசர்களை நெட்டுரு போட்டேன். இந்தப் பெயர்களை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

தம்பி கவனிக்க வேண்டியது இது. உண்ணி நாய் மேல் வாழ்வதில்லை, நம் வீட்டில் வாழ்கிறது. நாய் அதற்குச் சாப்பாட்டு ஓட்டல். சாப்பிட்டதும் இறங்கிப் போய்விடும். பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, ஏதாவது ஒரு வெடிப்பில் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் சாகும். அதிலிருந்து கடுகைவிடச் சிறிய, ஆறு கால் குஞ்சுகள் வரும். ஒரு தரம் ரத்தம் குடித்து இறங்கித் தோலுரித்தால் எட்டுக் கால். மறுபடி ஏறிக் குடித்து இறங்கித் தோலுரித்தால் பெரிய உண்ணி. ஆக மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்குகிறது. நம் ஊர் வெக்கையில் இந்தச் சுற்று இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பெரிய உண்ணி சாப்பாடே இல்லாமல் பல மாதம் காத்திருக்கவும் செய்யும். நீங்கள் நாய் மேல் பார்ப்பது கொஞ்சம். மிச்சமெல்லாம் சுவரில்.

சுவரில் என்றால் கீழே இல்லை. இந்த உண்ணிக்கு மேலே ஏறுகிற புத்தி. ராணி போன மறுவாரம், எங்கள் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பொட்டுப் பொட்டாக ஏதோ ஏறுவதைப் பார்த்துப் பின்தொடர்ந்தேன். கூடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றினேன். சட்டத்துக்குப் பின்னால், அட்டைக்கும் சுவருக்கும் நடுவில், அடைஅடையாக உண்ணி. உப்பியவை, தட்டையானவை, குஞ்சுகள், முட்டைக் குவியல், எல்லாம். நான் எண்ணெய் பூசிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அங்கே ஒரு ஊரே இருந்திருக்கிறது. மனைவி துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க தள்ளுங்க" என்றாள்.

வெடிப்புகளை அடைத்து, வெள்ளையடித்து, மருந்து தெளிக்கிறவர்களை இரண்டு வார இடைவெளியில் மூன்று தரம் கூப்பிட்டு, வீடு சுத்தமாக மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் வீட்டில் நாய் இல்லை.

இனி இதயப்புழு. உண்ணி மாதிரி இது கண்ணுக்குத் தெரிகிற எதிரி அல்ல. இதைப் புரிந்துகொள்ள என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், நம் தெருவை நினைத்தால் போதும். என் பாட்டிக்கு இடது கால் யானைக்கால். சாக்கடையோரக் கொசு கடித்து வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுகாதாரத் துறை ஆட்கள் லாந்தரோடு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். புழுக் குஞ்சுகள் இரவில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதால். ஹெட்ராசான் மாத்திரை கொடுப்பார்கள், அதைத் தின்றால் தலை சுற்றுகிறது என்று பாதிப் பேர் கொல்லையில் எறிவார்கள். 1975-ல் கொசு வழி நோய்களை ஆராயும் மத்திய நிலையம் இங்கே வந்தது. 80-களின் தொடக்கத்தில் அவர்கள் குட்டையையும் சாக்கடையையும் துழாவிக்கொண்டு திரிந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

நாயின் இதயப்புழு அந்த யானைக்கால் புழுவுக்குத் தாயாதி முறை. நோயுள்ள நாயைக் கடித்த கொசுவுக்குள் குஞ்சு ரத்தத்தோடு போகிறது, நம் வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் அங்கே முதிர்கிறது, அடுத்த நாயைக் கடிக்கும்போது இறங்குகிறது. ஆறேழு மாதத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் இதயத்திலும் நூல் மாதிரி வளர்ந்து நிற்கும். ஐந்து, ஆறு வருடம்கூட உயிரோடு இருக்கும். நாய் இருமும், கொஞ்ச தூரம் நடந்தால் உட்காரும். நாம் வயசாகிவிட்டது என்போம். முதிர்ந்த புழுவைக் கொல்ல ஆர்சனிக் கலந்த ஊசி போட வேண்டும். செத்த புழு குழாயை அடைக்கும் என்பதால் அதுவும் ஆபத்து. முன்கூட்டியே தடுப்பது மட்டும் சுலபம்: மாதம் ஒரு மாத்திரை. அது கொசு கடிப்பதைத் தடுக்காது. போன மாதம் உள்ளே இறங்கிய குஞ்சுகளை வளரவிடாமல் கொல்லும். அதனால்தான் தேதி தவறக்கூடாது.

பயமுறுத்தவும் வேண்டாம். இதயத்தில் குடியேறுகிற புழு நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில்தான் அதிகம். தெற்கே டாக்டர்கள் அடிக்கடி பார்ப்பது அதன் பங்காளி, தோலுக்கடியில் வாழ்கிற டைரோஃபைலேரியா ரீபென்ஸ். அது நாயைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஆனால் கொசு மூலம் மனிதனுக்கும் வரும். கேரளத்தில் மனிதர் கண்ணிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பிரான்சில் மொம்பெலியேயில் இருக்கும் என் மூத்த மகள் அவள் நாய்க்குக் கொசுக் காலம் முழுக்கத் தடுப்பு மருந்து கொடுக்கிறாள். மத்தியதரைக் கடலோரம் முழுக்க அங்கேயும் இதயப்புழு உண்டு.

இப்போது எங்களிடம், என்னிடம், இருப்பது பிஜு. பேத்தி வைத்த பெயர். 2020-ல் ஊரடங்கின்போது தெருவில் யாரும் இல்லாமல் கிடந்த குட்டி. என் மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் முன்னாடியே உள்ளே வந்திருக்கும். பிஜுவுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்கும் முன் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதே டாக்டர்தான், இப்போது அவருக்கும் கொஞ்சம் நரை. சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இங்கே வாங்க" என்று மைக்ரோஸ்கோப்பை எனக்கு விட்டார். சிவப்பணுக்கள் கூட்டமாக அசைந்தன. அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று சாட்டை மாதிரி நெளிந்தது. எனக்கு லாந்தர் வெளிச்சமும் பாட்டியின் விரலும் நினைவுக்கு வந்தன. அவர் மேல் பரிசோதனைக்கு அனுப்பினார். நல்ல வேளை, தோல் புழுதான். ஆனால் பார்க்காமல் மருந்தைக் கொடுத்திருந்தால்? குஞ்சுகள் ரத்தத்தில் நிறைய இருக்கும்போது இந்த மருந்துகளைக் கொடுத்தால், அத்தனையும் ஒரே நேரத்தில் செத்து நாய் மயங்கி விழுந்துவிடலாம். ஹெட்ராசான் வகை மருந்துக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டில் மீந்த மாத்திரையை நாய்க்குக் கொடுக்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆக, ஆஸ்பத்திரி மருந்தும் சாதுவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் உண்ணி மாத்திரை, ஃப்ளூராலானர் வகை, சில நாய்களுக்கு வலிப்பு கொண்டுவரக்கூடும் என்று 2018-ல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது. வலிப்பு வந்த நாயாக இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் அளவு கூடினால் மூளைக்கு ஏறும். கழுத்தில் சொட்டு விடும் சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின், கூடப் படுக்கிற பூனையைக் கொன்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண் அளவில் கலந்து நாயைக் குளிப்பாட்டினார். நாய் ஒரு பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. எடை போட்டு, வயது பார்த்து, கொடுக்கும் அளவில் கொடுத்தால் மருந்து. அதனால்தான் டாக்டரிடம் போகச் சொன்னேன்.

இயற்கை என்று வருகிற பட்டியலில் என் கணக்கு இது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்த நாய்க்கு இதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கற்பூரம் நக்கினால் வலிப்பு. புகையிலைத் தண்ணீர் விஷமேதான், மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். சீத்தாப்பழ விதை அரைத்த விழுது கண்ணில் பட்டால் கண் போகும். வேப்பெண்ணெய் மட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, நடக்கப் போகும் முன் காலில் தடவுகிறேன். கூட ஒரு காவல், அவ்வளவுதான். ரத்தத்துக்குள் நீந்துகிற புழுவை வெளியே பூசுகிற எந்த எண்ணெயும் தொடாது. உள்ளுக்குக் கொடுத்துத் தடுக்கலாம் என்று நிரூபணமான மூலிகையும் கிடையாது.

கையால் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். மாத்திரை கொடுத்தாலும் முசியே செய்த மாதிரி தினம் ஒரு தரம் காதுக்குள், தாடைக்கடியில், விரல் இடுக்கில், வாலடியில் தடவிப் பார்க்க வேண்டும். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஊதுபத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தொட்டு வைப்பது எல்லாம் வேண்டாம். அது உள்ளே கக்கிவிட்டுத்தான் விடும். நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். ஈறு எப்போதும் ரோஜா நிறமாக இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வெளுத்தாலோ, மூத்திரம் காபி நிறத்தில் போனாலோ, மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலோ அன்றைக்கே. கிழமை பார்க்க வேண்டாம்.

உண்ணிச்செடிக் கிளையை நாய் படுக்குமிடத்தில் போட்டால் உண்ணி வராது என்று ஒருவர் போன மாதம் எழுதிக் கேட்டிருந்தார். பெயரில் உண்ணி இருப்பதால் சொல்கிறார்கள் போலிருக்கிறது. நான் போட்டுப் பார்த்ததில்லை. பழுத்த உண்ணிப்பழத்தைக் குழந்தைகள் தின்பார்கள், காய் நல்லதில்லை. இலை ஆடு மாட்டுக்கே ஆகாது. நாய் கடிக்கிற இடத்தில் வேண்டாம்.

மனைவி போன பிறகு அவளுடைய வரவு செலவு நோட்டுகளை எடுத்து அடுக்கினேன். 1979-லிருந்து ஒரு வருடம் விடாமல் இருக்கிறது. பால், உப்பு, பூ, சீட்டு, எல்லாம். 2011 நோட்டில் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். 'ராணி டாக்டர் 300' என்று எழுதி, மேலே ஒரு கோடு அடித்திருந்தாள். காலையிலேயே பணத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் என்னைக் கேட்டிருக்கிறாள். அதற்குக் கீழே, 'வேப்பெண்ணெய் 45'. அன்று மாலை நான் வாங்கி வரச் சொன்னது.

அந்த நோட்டில் பின்பக்கம் நிறையத் தாள் காலியாக இருந்தது. பிஜுவின் கணக்கை அதில்தான் எழுதுகிறேன். ஒன்றாம் தேதி புழு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உண்ணி மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை ரத்தம், எடை. பென்ஷன் வருகிற தேதியை ஒட்டி இருப்பதால் மறப்பதில்லை.

வங்கித் தம்பி ஞாயிற்றுக்கிழமை குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம். அன்று ஒன்றாம் தேதி. பிஜு மாத்திரையைத் துப்பிவிடும், ரொட்டித் துண்டுக்குள் வைத்து ஏமாற்ற வேண்டும். அதையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.